முன் பிரேக்கின் நடுக்கமும் அதனைப் போக்கும் வழியும்

பிரேக்கைப் பிடித்தால் வண்டி சீராக வேகம் குறைந்து நிற்க வேண்டும். அவ்வாறின்றி, முன் பிரேக்கைப் பிடித்தவுடன் சைக்கிளின் கைப்பிடி குலுங்கி, முன்புறம் முழுவதும் நடுங்குமாயின், அவ்வண்டியில் ஏதோ ஒரு குறை இருக்கிறது என்பது பொருள். அக்குறை எங்கே பிறக்கிறது, அதனைக் கண்டறிவது எவ்வாறு, வீண் செலவின்றி அதனைப் போக்குவது எவ்வாறு என்பனவற்றை இப்பாடத்தில் காண்போம்.

ஓர் இளைஞரின் அனுபவம்

பணி நிமித்தமாக நான் ஒரு ரப்பர் தோட்டத்திற்குச் சென்றிருந்தபோது, பால்வெட்டுத் தொழிலாளி ஒருவரின் மகனைச் சந்தித்தேன். அவருடைய வலது முழங்கையில் பெரிய கட்டு ஒன்று போடப்பட்டிருந்தது. தோட்டத்திலிருந்து பட்டணத்து வேலைக்குச் சென்றுவர அவர் பழைய சைக்கிள் ஒன்றை வாங்கியிருந்தார். அது சாதாரண சைக்கிள் அன்று; ஐரோப்பிய நாடுகளில் சேற்றிலும் மேட்டிலும் ஓட்டப்படும் சைக்ளோகிராஸ் பந்தயத்திற்காகச் செய்யப்பட்ட வண்டி. எடை குறைவு, செம்மண் சாலையிலும் நன்றாக ஓடும். ஆனால் இறக்கத்தில் முன் பிரேக்கைப் பிடித்தால், கைகள் மரத்துப் போகும் அளவிற்கு வண்டியின் முன்புறம் நடுங்கியது.

அவர் பட்டணத்துக் கடையொன்றில் பிரேக் கட்டைகளை மாற்றினார். நடுக்கம் நிற்கவில்லை. வேறு கட்டைகளைப் போட்டுப் பார்த்தார். அப்பொழுதும் நிற்கவில்லை. "முன்புறத்தையே முழுவதும் மாற்ற வேண்டும்" என்று கடைக்காரர் கூறிவிட்டார். அதற்குரிய பணம் அவரிடம் இல்லை. ஆகவே முன் பிரேக்கின் கம்பியைக் கழற்றிவிட்டு, பின் பிரேக்கை மட்டும் நம்பி ஓட்டலானார்.

மழை பெய்து ஓய்ந்த ஒரு மாலை நேரம். பெரட்டுக் களத்திற்கு இறங்கும் சரிவில் அவர் வந்துகொண்டிருந்தபோது, லயத்துப் பிள்ளைகள் இருவர் சாலையைக் கடக்க முற்பட்டனர். பின் பிரேக்கை இறுகப் பிடித்தார். பின் சக்கரம் சுழல்வதை நிறுத்தியதேயன்றி வண்டி நிற்கவில்லை. ஈரமண்ணில் வழுக்கிக்கொண்டே சென்றது. பிள்ளைகளின் மேல் மோதாமலிருக்க வண்டியைத் திருப்பிக் கால்வாயில் விழுந்தார். முழங்கையில் பட்ட காயத்தோடு அன்று தப்பினார்.

"சார், நடுங்குகிற பிரேக்கை விட, இல்லாத பிரேக்கே மேல் என்று நினைத்துவிட்டேன்" என்று அவர் என்னிடம் கூறினார். இந்த எண்ணம் அவர் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. நம்மில் பலர் தொல்லை தரும் முன் பிரேக்கைக் கழற்றி வைத்துவிடுகின்றனர். அது எத்துணைப் பெரிய தவறு என்பதை முதலில் அறிந்துகொள்வோம்.

முன் பிரேக்கின் அருமை

ஓடுகின்ற வண்டியை நிறுத்தும்போது, வண்டியின் எடையும் ஓட்டுபவரின் எடையும் முன்னோக்கிச் சாய்கின்றன. பேருந்து திடீரென நிற்கும்போது நின்றுகொண்டிருக்கும் பயணிகள் அனைவரும் முன்பக்கம் சாய்வதை நாம் பார்த்திருக்கிறோம். சைக்கிளிலும் அவ்வாறே நிகழ்கிறது. அவ்வேளையில் முன் சக்கரம் தரையை அழுத்தமாகப் பற்றுகிறது. பின் சக்கரமோ பாரம் குறைந்து, தரையில் பிடிப்பற்றுப் போகிறது. பிடிப்பில்லாத சக்கரத்தை எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் அது வழுக்குமேயன்றி வண்டியை நிறுத்தாது.

காய்ந்த நல்ல சாலையில், முன் பிரேக்கை முறையாகப் பிடித்து நிறுத்துவதற்குத் தேவைப்படும் தூரத்தைப் போல் ஏறத்தாழ இரு மடங்குத் தூரம், பின் பிரேக்கை மட்டும் பிடித்து நிறுத்துவதற்குத் தேவைப்படும். இறக்கத்தில் இந்த வேறுபாடு உயிருக்கும் சாவிற்கும் இடையிலுள்ள வேறுபாடாக அமைந்துவிடக்கூடும். ஆகவே, முன் பிரேக் நடுங்கினால் அதனைச் சீர்செய்ய வேண்டுமேயன்றி, ஒருபொழுதும் கழற்றிவிடுதல் கூடாது.

சைக்ளோகிராஸ் வண்டியின் அமைப்பு

சைக்ளோகிராஸ் என்பது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சு நாட்டில் உருவான சைக்கிள் பந்தயமாகும். அந்நாட்டின் முதலாவது தேசியப் போட்டி 1902ஆம் ஆண்டில் நடைபெற்றது. முதலாவது உலகப் போட்டி 1950ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் நடைபெற்றது; அதில் பிரான்சைச் சேர்ந்த ஜான் ரொபிக் வெற்றி பெற்றார். இன்று பெல்ஜியம், நெதர்லாந்து முதலிய நாடுகளில் இப்பந்தயம் பெரும் மக்கள் கூட்டத்தை ஈர்க்கிறது. இலையுதிர் காலத்திலும் குளிர் காலத்திலும் புல்தரை, மணல், சேறு ஆகியவை நிறைந்த பாதையில் ஓட்டுவர். ஓட்ட இயலாத இடங்களில் இறங்கி, வண்டியைத் தோளில் சுமந்து ஓடுவர்.

சேறு அப்பினாலும் சக்கரம் தடையின்றிச் சுழல வேண்டுமல்லவா? அதற்கேற்ப, டயரைச் சுற்றிப் போதிய இடைவெளி தரும் ஒருவகைப் பிரேக் இவ்வண்டிகளில் நெடுங்காலம் பயன்படுத்தப்பட்டது. கேன்டிலீவர் என்பது அதன் பெயர். சர்வதேச சைக்கிள் சங்கம் 2010ஆம் ஆண்டில் இப்பந்தயங்களுக்கு டிஸ்க் பிரேக்கை அனுமதித்தது. அதன் பின்னர் வந்த வண்டிகளில் டிஸ்க் பிரேக்கே மிகுதி. ஆனால் பழைய வண்டிகளாக விலைக்குக் கிடைப்பவற்றில் கேன்டிலீவர் பிரேக் இன்றும் காணப்படுகிறது. நாம் கூறிய நடுக்கம் பெரும்பாலும் இவ்வகைப் பிரேக்கிலேயே தோன்றுகிறது.

இதன் உறுப்புகளை வரிசையாக அறிந்துகொள்வோம். முன் சக்கரத்தை இருபுறமும் தாங்கி நிற்கும் உறுப்பைக் கடைகளில் போர்க் என்பர். நாம் அதனை முன்கவை என்போம். முன்கவையின் இரு கால்களிலும் பிரேக் கரங்கள் இரண்டு பொருத்தப்பட்டுள்ளன. ஒவ்வொரு கரத்திலும் ஒரு பிரேக் கட்டை உண்டு. இரு கரங்களையும் டயருக்கு மேலாக ஒரு குறுக்குக் கம்பி இணைக்கிறது. அக்குறுக்குக் கம்பியின் நடுவை, பிரேக் பிடியிலிருந்து வரும் நீண்ட கம்பி மேலே இழுக்கிறது. அவ்வாறு இழுக்கும்போது கட்டைகள் ரிம்மின் பக்கங்களை அழுத்துகின்றன.

நீண்ட கம்பிக்கு ஓர் உறை உண்டு. அவ்வுறை ஓரிடத்தில் முட்டி நின்றால்தான் உள்ளிருக்கும் கம்பியை இழுக்க முடியும். உறை முட்டி நிற்கும் அந்தச் சிறு உறுப்பைக் கம்பி நிறுத்தி என்போம். பல சைக்ளோகிராஸ் வண்டிகளில் இது கைப்பிடிக்குச் சற்றுக் கீழே, வண்டியின் கழுத்திற்கு மேற்புறத்தில் அமைந்திருக்கிறது. வாசகர்கள் இதனை நன்கு நினைவில் இருத்திக்கொள்ள வேண்டும். ஏனெனில், நடுக்கத்தின் வேர் இங்கேயே இருக்கிறது.

நடுக்கம் பிறக்கும் விதம்

லயத்தின் முன்னே இரு கம்பங்களுக்கு இடையில் துணி உலர்த்தும் கொடிக்கயிறு கட்டியிருப்போம். ஒரு கம்பம் வெளிப்புறமாகச் சாய்ந்தால் என்ன நிகழும்? கயிற்றை எவரும் இழுக்காமலேயே அது இறுகும். கம்பம் மீண்டும் நிமிர்ந்தால் கயிறு தளரும். முன் பிரேக்கில் நிகழ்வதும் இதுவே.

பிரேக்கைப் பிடித்தவுடன் தரை முன் சக்கரத்தைப் பின்னோக்கித் தள்ளுகிறது. அவ்விசையினால் முன்கவை சற்றே பின்னோக்கி வளைகிறது. கம்பி நிறுத்தியோ கழுத்திற்கு மேலே இருக்கிறது. பிரேக் கரங்கள் கழுத்திற்குக் கீழே இருக்கின்றன. முன்கவை வளையும்போது இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள தூரம் சிறிது கூடுகிறது. தூரம் கூடியதும், கொடிக்கயிற்றைப் போலவே பிரேக் கம்பியும் இறுகுகிறது. நம் கை அழுத்தாமலேயே பிரேக் முன்னினும் கடுமையாகப் பற்றுகிறது. அதனால் முன்கவை மேலும் வளைகிறது. கம்பி மேலும் இறுகுகிறது.

இது எல்லையின்றித் தொடர முடியாது. ஒரு நிலையில் கட்டையின் பிடி நழுவுகிறது, அல்லது டயர் தரையில் நழுவுகிறது. உடனே முன்கவை வில்லைப் போல் முன்னோக்கித் துள்ளுகிறது; கம்பி தளர்கிறது; பிரேக் விடுபடுகிறது. நம் கையோ பிரேக் பிடியை அழுத்தியவாறே இருக்கிறது. ஆகவே மீண்டும் பற்றுதல், மீண்டும் நழுவுதல் என்று ஒரு வினாடிக்குள் பலமுறை நிகழ்கிறது. இதுவே நாம் உணரும் நடுக்கம். பள்ளிக்கூடத்தில் கனமான பெஞ்சைச் சிமெண்டுத் தரையில் இழுக்கும்போது, அது சீராக நகராமல் விட்டுவிட்டுத் துள்ளி ஓசையெழுப்புவதும் இத்தகையதே.

இதிலிருந்து நாம் அறிய வேண்டியது யாது? நடுக்கத்தைக் கை உணருகிறது; கண் பிரேக் கட்டையைப் பார்க்கிறது; குறையோ வேறிடத்தில் இருக்கிறது. எனவேதான் அவ்விளைஞர் கட்டைகளை இருமுறை மாற்றியும் பயன் காணவில்லை.

எனினும், எல்லா நடுக்கத்திற்கும் இதுவே காரணம் என்று முடிவு செய்துவிடலாகாது. கழுத்தின் தளர்ச்சி, சக்கரத்தின் ஆட்டம், ரிம்மின் அழுக்கு, கட்டையின் தவறான கோணம் ஆகியவையும் நடுக்கத்தை உண்டாக்கும். இருக்கின்ற நடுக்கத்தை மிகுதிப்படுத்தவும் செய்யும். ஆகவே செலவில்லாத சோதனைகளை முதலில் செய்து, செலவுள்ளவற்றைப் பின்னர்க் கருத வேண்டும். ஒரு வேளையில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். ஒவ்வொரு மாற்றத்திற்குப் பின்னரும் சமதரையில் மெதுவாக ஓட்டிப் பார்க்க வேண்டும். மூன்றை ஒருங்கே மாற்றினால், குணப்படுத்தியது எது என்பது தெரியாமற் போகும்.

வரிசையாகச் செய்யவேண்டிய சோதனைகள்

1. கழுத்தின் தளர்ச்சி: வண்டியின் கழுத்தில், கைப்பிடி திரும்புவதற்கு இடந்தரும் குண்டுகள் அமைந்த பகுதியைக் கடைகளில் ஹெட்செட் என்பர். முன் பிரேக்கை இறுகப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் அசைக்க வேண்டும். மற்றொரு கையின் விரலைக் கழுத்தின் கீழ்விளிம்பில், முன்கவை சேரும் இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அங்கே 'டக் டக்' என்று அசைவு தென்பட்டால் கழுத்துத் தளர்ந்திருக்கிறது. திருகு வெட்டப்படாத கவைத்தண்டு கொண்ட வண்டியாயின், கைப்பிடியைத் தாங்கும் ஸ்டெம் என்னும் உறுப்பின் பக்கத் திருகாணிகளை முதலில் தளர்த்தி, உச்சியிலுள்ள மூடித் திருகாணியைச் சிறிது சிறிதாக முறுக்க வேண்டும். அசைவு நின்றதும், கைப்பிடி நேராக இருப்பதைப் பார்த்துப் பக்கத் திருகாணிகளை இறுக்க வேண்டும். அவற்றின் அருகே முறுக்கின் அளவு அச்சிடப்பட்டிருந்தால் அதனை மீறுதல் கூடாது. வேலை முடிந்தபின் கைப்பிடி இருபுறமும் தடையின்றித் திரும்ப வேண்டும்.

2. சக்கரத்தின் ஆட்டம்: ரிம்மைக் கையாற்பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பார்க்க வேண்டும். சக்கரம் ஆடினால், அதன் நடுவிலுள்ள ஹப்பைச் சரிசெய்ய வேண்டும். சக்கரத்தை முன்கவையோடு பிணைக்கும் பூட்டு நன்கு இறுகியிருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

3. பிரேக் கரங்களின் ஆட்டம்: பிரேக் கட்டையைப் பற்றி முன்னும் பின்னும் அசைத்துப் பார்க்க வேண்டும். கரம் பொருத்தப்பட்டிருக்கும் முளையில் மிகுந்த ஆட்டம் இருப்பின், திருகாணியை இறுக்க வேண்டும். அது பயன் தரவில்லையாயின் முளையோ கரமோ தேய்ந்துவிட்டது என்பது பொருள். முளையில் சிறிது கிரீஸ் தடவுவது நன்று. ஆனால் அந்தக் கிரீஸ் ரிம்மிலோ கட்டையிலோ படுதல் கூடாது.

4. ரிம்மின் நிலை: வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, சக்கரத்தைச் சுழற்றி, கட்டைக்கும் ரிம்முக்கும் இடையிலுள்ள இடைவெளியைக் கவனிக்க வேண்டும். ரிம் வளைந்தோடினால் ஆரக்கம்பிகளைச் சரிசெய்ய வேண்டும். ரிம்மின் இரு முனைகளும் இணைக்கப்பட்ட இடத்தில் மேடு இருந்தால், சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போது ஒருமுறை மட்டும் தட்டும். இவ்வாறு சுற்றுக்கு ஒருமுறை வரும் தட்டலையும், தொடர்ந்து வரும் நடுக்கத்தையும் வேறுபடுத்தி அறிய வேண்டும். ரிம்மின் பக்கம் உட்குழிவாகத் தேய்ந்திருந்தால், அதனை ஓட்டுவது ஆபத்து. ரிம்மை மாற்றியே ஆக வேண்டும்.

5. அழுக்கும் எண்ணெயும்: ரிம்மின் பக்கங்களைச் சுத்தமான துணியில் ஸ்பிரிட் நனைத்துத் துடைக்க வேண்டும். பிரேக் கட்டைகளைக் கழற்றி, அவற்றில் பதிந்துள்ள மணலையும் அலுமினியத் துணுக்குகளையும் ஊசிமுனையால் அகற்றி, மினுமினுப்பான மேற்பரப்பை உப்புத்தாளால் இலேசாகத் தேய்க்க வேண்டும். செம்மண் சாலையில் ஓடும் வண்டிக்கு இதனை அடிக்கடி செய்வது இன்றியமையாதது.

6. கட்டையின் கோணம்: பிரேக் பிடிக்கும்போது கட்டையின் முன்முனை முதலில் ரிம்மைத் தொட வேண்டும், பின்முனை ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் விலகியிருக்க வேண்டும். முன்முனை என்பது வண்டி செல்லும் திசையை நோக்கிய முனையாகும். இதனைச் செய்ய ஓர் எளிய வழி உண்டு. கட்டையின் திருகாணியைத் தளர்த்தி, பின்முனைக்கும் ரிம்முக்கும் இடையில் தடித்த அட்டைத் துண்டு ஒன்றைச் செருகி, பிரேக்கைப் பிடித்தவாறே திருகாணியை இறுக்க வேண்டும். அட்டையை எடுத்தபின் கோணம் சரியாக அமைந்திருக்கும். கட்டை டயரைத் தொடாமலும், ரிம்முக்குக் கீழே இறங்காமலும் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

இந்த ஆறு சோதனைகளுக்கும் செலவு மிகக் குறைவு. ஆலன் சாவிகள், ஒரு துணி, சிறிது ஸ்பிரிட், உப்புத்தாள், அட்டைத் துண்டு ஆகியவை போதும். சாதாரண சைக்கிளுக்கும் இவற்றுட் பல பொருந்தும். டிஸ்க் பிரேக் உள்ள வண்டியில் கழுத்து, ஹப் ஆகியவற்றோடு, பிரேக்கைப் பிணைக்கும் திருகாணிகளின் இறுக்கத்தையும் பார்க்க வேண்டும். வட்டில் எண்ணெய் படாமற் காக்க வேண்டும்.

இவற்றுக்குப் பின்னரும் நடுக்கம் நீடித்தால்

மேற்கூறிய ஆறும் ஒழுங்காக இருந்தும் நடுக்கம் நீங்கவில்லையாயின், முன்கவையின் வளைவும் கம்பி நிறுத்தியின் இடமுமே காரணம் என்று கருதலாம். ஒருவர் முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னோக்கி அழுத்த, மற்றொருவர் பக்கத்தில் அமர்ந்து பார்த்தால், முன்கவை பின்னோக்கி வளைவதைக் கண்ணாற் காணலாம்.

இதற்கு முன்கவையை மாற்ற வேண்டுவதில்லை. கம்பி நிறுத்தியைக் கழுத்திற்கு மேலிருந்து எடுத்து, முன்கவையின் உச்சிப்பகுதிக்குக் கொண்டுவந்தாற் போதும். அவ்வாறு செய்தால் கம்பி நிறுத்தியும் பிரேக் கரங்களும் முன்கவையிலேயே, அருகருகே அமைந்துவிடுகின்றன. முன்கவை வளைந்தாலும் இரண்டும் ஒருங்கே நகர்கின்றன. இடையிலுள்ள தூரம் பெரிதும் மாறாததால் கம்பி தானாக இறுகுவதில்லை. கொடிக்கயிற்றின் இரு முனைகளையும் ஒரே கம்பத்தில் கட்டியதைப் போன்றது இது.

முன்கவையின் உச்சியில் பொருத்துவதற்கென்றே செய்யப்பட்ட கம்பி நிறுத்தி சைக்கிள் உறுப்புகள் விற்கும் கடைகளில் கிடைக்கும். சிறு உலோகத் துண்டும் ஒரு திருகாணியும் கொண்ட அதன் விலை, புதிய முன்கவையின் விலையோடு ஒப்பிடத்தக்கதன்று. அதனைப் பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை வருமாறு:

முன்கவையின் உச்சியில், முன்னிருந்து பின்னாகச் செல்லும் துளை இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். துளை இருந்தால் மட்டுமே இவ்வுறுப்பைப் பொருத்த இயலும். துளை இல்லாத முன்கவையில், குறிப்பாகக் கார்பன் நாரினால் செய்யப்பட்டதில், துளையிடுதல் அறவே கூடாது. அது முன்கவையை வலுவிழக்கச் செய்து, ஓட்டத்தின்போது முறிந்துவிடக் காரணமாகலாம்.

கம்பியுறை முன்னிலும் கீழே வர வேண்டியிருப்பதால் பழைய உறை நீளம் போதாமற் போகலாம். நீளமான புதிய உறையை இட்டு, கைப்பிடியை இருபுறமும் முழுமையாகத் திருப்பினாலும் உறை இழுபடாமல் இருப்பதை உறுதி செய்ய வேண்டும். பிரேக்கை இறுகப் பிடிக்கும்போது, குறுக்குக் கம்பியை இழுக்கும் இணைப்புத் துண்டு மேலே சென்று கம்பி நிறுத்தியில் மோதக்கூடாது. மோதினால் பிரேக் முழுமையாகப் பற்றாது. இறுதியாக, பிரேக் பிடியைப் பத்து முறை பலமாக அழுத்தி, கம்பி நழுவவில்லை என்பதைக் கண்ட பின்னரே வண்டியில் ஏற வேண்டும்.

முன்கவையில் துளை இல்லையாயின் வேறொரு வழியும் உண்டு. மினி வீ-பிரேக் எனப்படும் குட்டைக் கரங்களைக் கொண்ட பிரேக்கைக் கேன்டிலீவருக்குப் பதிலாகப் பொருத்தலாம். இவ்வகையில் கம்பியுறை பிரேக் கரத்திலேயே முட்டி நிற்பதால், முன்கவையின் வளைவு கம்பியை இறுக்குவதில்லை. வளைந்த பந்தயக் கைப்பிடிக்குரிய பிரேக் பிடி குறைந்த அளவு கம்பியையே இழுக்கும். ஆகவே கரத்தின் நீளம் 80 முதல் 85 மில்லிமீட்டர் வரை உள்ளதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நீண்ட கரமுள்ள சாதாரண வீ-பிரேக் இதற்குப் பொருந்தாது. மினி வீ-பிரேக்கில் கட்டைகள் ரிம்முக்கு மிக அருகில் இருக்கும் என்பதால், சேறு அப்பும் இடங்களில் அடிக்கடி துடைக்க வேண்டியிருக்கும்.

ஒரு முக்கிய எச்சரிக்கை

கேன்டிலீவர் பிரேக்கின் நீண்ட கம்பி எப்பொழுதேனும் அறுந்துவிட்டால், குறுக்குக் கம்பி கீழே விழுந்து, முரட்டு டயரின் பற்களில் சிக்கி, முன் சக்கரத்தைத் திடீரென நிறுத்திவிடும். ஓட்டுபவர் தலைகுப்புற விழ நேரிடும். ஆகவே நீண்ட கம்பியில் ஓர் இழையேனும் அறுந்திருப்பதைக் கண்டால், அன்றே அதனை மாற்றிவிட வேண்டும். முன் மட்கார்டோ, விளக்கொளியைப் பிரதிபலிக்கும் கண்ணாடியின் தகடோ டயருக்கு மேலே இருந்தால், குறுக்குக் கம்பி டயரில் விழாமல் அது தாங்கிக்கொள்ளும்.

முன் பிரேக்கைப் பயன்படுத்துவதிலும் முறை உண்டு. இறக்கத்தில் உடலைச் சற்றுப் பின்னுக்குச் சாய்த்து, இரு பிரேக்குகளையும் சிறிது சிறிதாக அழுத்த வேண்டும். ஈரமண், சரளைக்கல், வளைவு ஆகிய இடங்களில் முன் பிரேக்கைத் திடீரென இறுக்கினால் முன் சக்கரம் வழுக்கும். எனவே வளைவை அடைவதற்கு முன்னரே வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

இளைஞரின் வண்டி என்னவாயிற்று?

அன்று மாலை அவருடைய லயத்து வாசலில் அமர்ந்து, மேற்கூறிய வரிசைப்படியே சோதித்தோம். முதற் சோதனையிலேயே கழுத்துத் தளர்ந்திருப்பது தெரிந்தது. அதனை இறுக்கியதும் நடுக்கம் ஓரளவு குறைந்தது, நீங்கவில்லை. ரிம்மைத் துடைத்து, கட்டையின் கோணத்தைச் சரிசெய்தபின் மேலும் சிறிது குறைந்தது. அதன் பின்னர் அவருடைய தந்தையார் பிரேக்கைப் பிடித்து வண்டியை அழுத்த, மகன் தரையில் அமர்ந்து பார்த்தார். "கம்பி தானாகவே இறுகுகிறதே!" என்று அவரே கூறினார். பாடத்தை நான் சொல்ல வேண்டிய தேவை அதற்குப்பின் எழவில்லை.

மறுவாரம் பட்டணத்தில் அச்சிறு கம்பி நிறுத்தியை வாங்கி, தம் கையாலேயே பொருத்திக்கொண்டதாகவும், அதே சரிவில் முன் பிரேக்கைப் பிடித்து அமைதியாக இறங்கியதாகவும் பின்னர் எனக்குத் தெரிவித்தார். புதிய முன்கவைக்காகக் கடன் வாங்கும் நிலை அவருக்கு ஏற்படவில்லை. அதனினும் மேலாக, அச்சரிவில் விளையாடும் பிள்ளைகளுக்கு இனி ஆபத்தில்லை.

பொருளை மாற்றுவதற்கு முன் காரணத்தைத் தேடுவது வண்டிக்கு மட்டுமன்றி நம் பணத்திற்கும் காவலாகும். நம் பிள்ளைகளுக்கும் இப்பழக்கத்தைக் கற்பிப்போமாக.

நினைவிற் கொள்ள வேண்டியவை

முன் பிரேக் நடுங்கினால் கழற்றாதீர்கள், காரணத்தைத் தேடுங்கள்.

கழுத்து, சக்கரம், பிரேக் கரம், ரிம், அழுக்கு, கட்டையின் கோணம் என்னும் வரிசையில் சோதியுங்கள்.

ஒரு வேளையில் ஒன்றை மட்டும் மாற்றி, சமதரையில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள்.

துளையில்லாத முன்கவையில் துளையிடாதீர்கள்.

பயிற்சி வினாக்கள்

1. வண்டியை நிறுத்தும்போது பின் சக்கரம் எளிதில் வழுக்குவது ஏன்?

2. கைப்பிடியை எவரும் மிகுதியாக அழுத்தாமலேயே பிரேக் கம்பி இறுகுவது எவ்வாறு? கொடிக்கயிற்றை எடுத்துக்காட்டி விளக்குக.

3. சக்கரம் சுற்றுக்கு ஒருமுறை மட்டும் தட்டினால், குறையை எங்கே தேட வேண்டும்?

4. உங்கள் வீட்டிலுள்ள சைக்கிளின் கழுத்தை இன்றே சோதித்துப் பாருங்கள். விரலுக்கு அசைவு தென்பட்டதா?